நூர்ஜஹான் எண்ணி முடிக்கும்வரை

அக்டோபர் 7, திங்கள்

கழுவும் அறைக்குப் புது ஆள் வந்தாயிற்று. பெயர் நூர்ஜஹான். முப்பத்தைந்து வயது இருக்கும். கோபியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளராகப் பதினோரு வருஷம் இருந்தவளாம். டாக்டர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட, இவள் சத்தியமங்கலத்துக்கு, எங்கள் வாழை லேபுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

சூப்பர்வைசர் என்பதால் நான்தான் சுற்றிக் காட்டினேன். வாழைக் கிழங்கின் குருத்தைச் சின்னதாக நறுக்கி, கிருமி நீக்கி, கண்ணாடிப் பாட்டிலுக்குள் வளர்த்துக் கன்றாக்கி விற்கிறோம். கிருமியைக் கொல்வது மெர்குரிக் குளோரைடு. பாதரச உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்து, குருத்தை ஐந்து நிமிஷம் ஊறவைத்து அலசுவோம். லேபில் எல்லாரும் அதை ‘மருந்து’ என்றுதான் சொல்வோம். நிறம் கிடையாது, வாடை கிடையாது. பாட்டிலில் ஊற்றி வைத்தால் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

நான் இவ்வளவும் சொல்லி முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “கொல்றதை எதுக்குங்க்கா மருந்துங்கறீங்க?”

“பூச்சி மருந்து, எலி மருந்துன்னு சொல்றதில்லையா?”

“அதையும் தெரியாமக் குடிச்சுட்டு வருவாங்க. ஆஸ்பத்திரில பாத்திருக்கனுங்க.”

அடுத்து, அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கும் என்றாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், எல்லாருக்கும் வசதி என்றேன். போய் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆணியில் பார்க்க என்ன இருக்கிறது?

மூன்றாவதாகக் கையுறை. பதினாலு வருஷமாக நான்தான் அந்தப் பொடியை எடை போட்டுக் கரைக்கிறேன். வெறும் கையால்தான். கையுறை போட்டால் மில்லிகிராம் கைக்குப் பிடிபடாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். என் கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதை தெரிந்தவள்தான்.

இந்தப் பேனா சரியில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

நாற்பதாயிரம் கன்றுக்கு ஆர்டர். மிக்ஸர் ரிப்பேர். வேறென்ன எழுத?

அக்டோபர் 9, புதன்

இன்று சாயங்காலம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலை முடிந்து ஆறு பேர் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறோம். நூர்ஜஹான் கதவை மறித்துக்கொண்டு எண்ணுகிறாள். இடுக்கி பதினெட்டு, பிளேடு இருபத்திமூன்று. இருபத்திநான்கு இருக்க வேண்டுமாம்.

“ஒரு பிளேடுக்காகவா?” என்றேன்.

“ஆமாங்க்கா.”

“நாளைக்குத் தேடிக்கலாம்.”

“வவுத்தைத் தைக்கறதுக்கு முன்னால பஞ்சை எண்ணுவமுங்க. நாளைக்கு எண்ணிக்கலாம்னு தைக்க முடியாதுங்களே.”

கிழங்குத் தோலோடு குப்பைக் கூடையில் கிடந்தது பிளேடு. அவளே கையை விட்டு எடுத்தாள், தடித்த கையுறையோடு. அதற்குள் ஐந்தரை பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லிக் கத்தினேன். “குப்பை அள்றவங்க கையைக் கிழிச்சிருக்குமே, நல்ல வேளை” என்றார். இந்த மனிதர் எப்போதும் ஊரான் பக்கம்தான். கத்திய வேகத்தில் காப்பி டம்ளர் தளும்பிச் சேலையெல்லாம் கொட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் லேப் லேபு மாதிரி இருக்காது. பாட்டில்களை ஆவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவுக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், நறுக்கும் மேஜைக்குச் சாமந்தி. முதலாளி தணிகாசலம் வேட்டியில் வந்து தேங்காய் உடைத்தார். பொரி, சுண்டல், ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா.

பூஜை முடிந்ததும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது காட்டுங்கக்கா என்றார்கள். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பது எனக்கே மறந்துகொண்டிருக்கிற காலம். பழைய மோட்டாரிலிருந்து ஒரு துண்டுச் செம்புக் கம்பி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மருந்தில் முக்கி எடுத்தேன். கம்பி சாம்பல் நிறமானது. பஞ்சால் ஒரு தேய். வெள்ளிக் கம்பி! அத்தனை பேரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். கைதட்டல் வேறு. காலேஜ் முடித்த பிறகு எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

எங்களிடம் நறுக்குவதில் முதல் கை வசந்தமணி. மணிக்கு நூற்றிருபது குருத்து நறுக்குவாள், வாயைத் திறக்க மாட்டாள். அவளே கேட்டாள்: “அக்கா, அது அப்படியே நிக்குமுங்களா?”

“தேய்க்கத் தேய்க்கப் பளபளன்னு வரும்” என்றேன். விஷம், வீட்டில் யாரும் செய்து பார்த்துவிடாதீர்கள் என்றும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

கழுவும் அறையிலிருந்து வந்த நூர்ஜஹான் எல்லாரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “அந்தக் கம்பி எங்கீங்க?” என்றாள். மேஜையில் சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. இடுக்கியால் எடுத்துக்கொண்டு போய்க் கழிவு கேனில் போட்டாள். சுண்டலையும் கொட்டிவிட்டாள். நல்ல நாளும் அதுவுமாக!

அக்டோபர் 15, செவ்வாய்

நூர்ஜஹான் மருந்து பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் கரைசல் எதுவரை நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. கழிவு கேனிலும் அப்படியே. கழிவில் இரண்டு சொட்டு ஜிலேபிக்குப் போடும் சிவப்புக் கலர் ஊற்றலாமா என்று கேட்டாள், தண்ணீர் என்று யாரும் ஏமாறாமல் இருக்க. விதிமுறையில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் கோபம்.

புதுப் பேனா வாங்கினேன். இதுவும் கோணித்தான் எழுதுகிறது. இப்போதெல்லாம் எதுவும் தரமாக வருவதில்லை.

அக்டோபர் 19, சனி

வசந்தமணி பத்திரிகை வைத்தாள். நவம்பர் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, விடியற்காலை, புது வீடு பால் காய்ச்சுகிறாள். ஒன்பது வருஷம் குருத்து நறுக்கிக் கட்டிய வீடு. எனக்கே பெருமையாக இருந்தது.

“கலசத்துக்கு வெள்ளிச் சொம்பு வெச்சாத்தான் நல்லா இருக்கும்னு எங்க நாத்தனார் சொல்றாங்க்கா. அவங்க வீட்ல வெள்ளிதானாம்.”

“செம்புச் சொம்பு வெச்சாச் சாமி வராதா?” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் நான் வந்ததும் வராததுமாக நூர்ஜஹான் பாட்டிலைக் காட்டினாள். நேற்றுச் சாயங்காலக் கோட்டுக்கும் இன்றைய மட்டத்துக்கும் இரண்டு விரல் இடைவெளி. அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

“ஆவியாகியிருக்கும்” என்றேன்.

“மூடி போட்ட பாட்டில்ல இருந்துங்களா?”

அவள் விடவில்லை. “நேத்து நான் மூணு மணிக்கே போயிட்டனுங்க, புள்ளைக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக் கோடு போட்டது நம்ம செல்வி. அதுக்கப்புறம் யாரோ ஊத்திருக்காங்க. அக்கா, பாத்தாத் தண்ணிங்க. எங்கியோ ஒரு வீட்ல தண்ணி பாட்டில் மாதிரியே நிக்குதுங்க அது.”

முதலாளி காதுக்குப் போனால் ஆணியில் தொங்கிய சாவிக்கு யார் பதில் சொல்வது? ரெஜிஸ்டரில் ‘சிந்தியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிந்தாத லேப் எங்கே இருக்கிறது?

சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

நூர்ஜஹான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறாள். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, காணாமல் போன குழந்தையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. வசந்தமணி உட்பட யாரும் வாய் திறக்கவில்லை. நான் கூப்பிட்டு, இது ஆஸ்பத்திரி இல்லை என்றேன். ஆமாங்க்கா என்றாள். மறுபடியும் போய்க் கேட்டாள்.

சொல்லத்தான் வேண்டும்: இந்தப் பிடிவாதம் எனக்கு வராது. அவளை இங்கே பன்னிரண்டாயிரத்துக்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் அவள் வேலை பார்ப்பது சம்பளத்துக்கு இல்லை. என்னை மாதிரி பட்டம் இல்லை. பிளஸ் டூ பெயில். பாதரசத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அத்தனையும் இந்த இரண்டு வாரத்தில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. கேட்டதை நம்புகிறாள். நான் பரீட்சைக்குப் படித்தேன், அவள் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஈறில் ரத்தம் வருகிறது. பற்பசை மாற்ற வேண்டும்.

அக்டோபர் 28, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டில் ஒரே சிரிப்பு. வசந்தமணியின் தங்க மோதிரம் வெளுத்துவிட்டது. பாதிக்கு மேல் ஈயம் பூசிய மாதிரி. “புருஷன் வாங்கிக் குடுத்ததுங்க்கா, நகைக்கடைக்காரன் ஏமாத்திட்டான் போல” என்றாள் வாடிய முகத்தோடு. நகைக்கடைக்காரனா, புருஷனா என்று நல்லா விசாரி என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நூர்ஜஹான் மட்டும் சிரிக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றச் சொல்லிக் கையைக் கழுவ வைத்தாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை. “வீட்ல எதைத் தேச்ச கண்ணு?” என்றாள். வசந்தமணி, “ஒண்ணும் இல்லீங்க்கா, பாத்திரந்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பிறகு நூர்ஜஹான் என்னிடம் வந்து கேட்டாள்: “அக்கா, தங்கம் எதுனால வெளுக்குமுங்க?”

இரண்டு மதிப்பெண் கேள்வி. “பாதரசம் பட்டால்” என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் என் காதிலேயே விழுந்தது.

இன்றைக்கு இது போதும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஞாயிறு வரை லேப் லீவு. எண்ணெய்க் குளியல், முறுக்கு, மைசூர்பாகு. பூஜை அறையில் எங்கள் செம்புச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். செக்கச் செவேல் என்று வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், என்ன யோசனை என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

நவம்பர் 2, சனி

வசந்தமணிக்குப் போன் செய்ய நினைத்தேன். விசேஷ வீடு, வேலையாக இருப்பாள்.

நவம்பர் 5, செவ்வாய்

வசந்தமணி இந்த வாரம் முழுக்க லீவு. நூர்ஜஹான் என் எதிரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதுவரை என் முன்னால் உட்கார்ந்ததில்லை.

“வெள்ளிக்கெழமை பால் காச்சறாங்கக்கா. அன்னிக்கு நீங்க கம்பியை வெள்ளியாக்குனீங்க. அவ சொம்பை வெள்ளியாக்கிருக்கா. கலசத் தண்ணியை எல்லாருக்கும் தீர்த்தமாக் குடுப்பாங்களாமே, நெசமுங்களா?”

“நீயா ஒண்ணைக் கற்பனை பண்ணிக்கிட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“தப்பா இருந்தா நல்லதுங்க” என்றாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். ஒரு தடவை தியேட்டரில் பஞ்சு எண்ணிக்கை வரவில்லையாம். ஒன்று குறைகிறது. டாக்டருக்கு அவசரம், தைத்துவிடலாம் என்கிறார். இவள் ஊசி நூலைக் கையில் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். இருபது நிமிஷம். டாக்டர் திட்டாத திட்டு இல்லை. கடைசியில் பார்த்தால் பஞ்சு நர்ஸ் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது.

“அப்போ நீ மறிச்சது வீண்தானே?” என்றேன்.

“எப்படிங்க்கா வீணாகும்? வவுத்துக்குள்ள இல்லைன்னு தெரிஞ்சுதுங்களே!”

நான் இந்த டைரியில் பெரிய பெரிய ஆட்களைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறேன். இன்றைக்குத் தோன்றுகிறது, நான் நேரில் பார்த்த பெரிய ஆள் இவள்தான். நாளைக்கு நறுக்கல் இரண்டு ஷிப்ட், முதலாளியும் இருப்பார், நகர முடியாது. நாளை மறுநாள் சாயங்காலம் இருவரும் போவதாக முடிவு செய்தோம். இன்றே போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். நூர்ஜஹான் போனில் வசந்தமணியைப் பிடித்து, சொம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், யாரையும் தொட விட வேண்டாம் என்றாளாம். அவள் எந்தச் சொம்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம்.

நவம்பர் 7, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். கை நடுங்குகிறது. பேனா, பேனாதான்.

நாலு மணிக்கு நூர்ஜஹானின் ஸ்கூட்டியில் போனோம். பவானி ஆற்றைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். அவள் காலுக்கு நடுவில் ஒரு பெரிய பை. வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம், நண்டும் சிண்டுமாகக் குழந்தைகள்.

என்னைப் பார்த்ததும் வசந்தமணியின் நாத்தனார் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானுங்களா அந்த லேப் அக்கா? வாங்க வாங்க! எங்க தம்பி சம்சாரத்துக்கு வெள்ளிச் சொம்பே குடுத்திருக்கீங்க, எந்தக் கம்பெனில இப்படிப் பண்ணுவாங்க? ஏனுங், அந்தச் சேரை எடுத்துப் போடுங்க.”

சந்தனம் கொடுத்தார்கள், பூக் கொடுத்தார்கள், காப்பி வந்தது. வசந்தமணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளி எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாள், பாவம்.

புது பூஜை அலமாரியில் தாம்பாளத்தின் நடுவே அது இருந்தது. பௌர்ணமி நிலா மாதிரி மின்னியது. கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றி, மாவிலை வைத்து, உள்ளே ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, காலையில் ஐயர் வரக் காத்திருந்தது.

நூர்ஜஹான் மெல்லக் கேட்டாள்: “இதுல இருந்து யாராச்சும் தண்ணி எடுத்தாங்களா?”

“அபிஷேகத் தண்ணிங்க, எப்படி எடுப்பாங்க?” என்றார் நாத்தனார்.

நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். இவள் நினைத்திருந்தால் நடந்ததை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். வசந்தமணி திருடினாள், நான் மறைத்தேன், இரண்டும் உண்மை. ஆனால் நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள், பிளேடுக்காகக் கதவை மறித்து நின்ற அதே நிதானத்தோடு.

எழுந்து நின்றேன். “அந்தச் சொம்பு நான் குடுத்ததுதானுங்க. ஆனா அது வெள்ளி இல்லை. செம்பு. லேப்ல இருக்கற விஷத்துல முக்கி வெள்ளி மாதிரி ஆக்குனது. இவளுக்குத் தெரியாது. வெள்ளின்னு சொல்லி ஏமாத்திக் குடுத்துட்டேன். அதுல இருக்கற தண்ணியைக் குடிச்சா உசுருக்கே ஆபத்து. எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்.”

நாத்தனார் ஆரம்பித்தார். “கொழந்தைக இருக்கற ஊட்ல வெசத்தையா குடுத்த? நீயெல்லாம் படிச்சவளா? பாவிப் பொம்பளை!” இன்னும் என்னென்னவோ. கையில் இருந்த காப்பி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார் ஒருவர். நான் தலைகுனிந்து நின்றேன். சொன்னதில் பாதி பொய். ஆனால் திட்டு ஒவ்வொன்றும் சரியான விலாசத்துக்குத்தான் வந்தது.

வசந்தமணி, “அக்கா, நான்...” என்று முன்னால் வந்தாள். “நீ சும்மா இரு” என்று அடக்கினேன்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் நூர்ஜஹான் தடித்த கையுறை போட்டு, சொம்புத் தண்ணீரைக் கொண்டு வந்த கேனில் ஊற்றி, சொம்பை இரண்டு பாலிதீன் பையில் கட்டி டப்பாவில் வைத்தாள். தாம்பாளத்தையும் மாவிலையையும் கூட விடவில்லை. பிறகு வசந்தமணியைச் சமையலறைக்குள் கூட்டிப் போனாள். நானும் போனேன்.

“மிச்சம் எங்க கண்ணு?”

வசந்தமணி ஜன்னலைக் காட்டினாள். கேஸ் அடுப்புக்கு மேலே, புது ஜன்னல் திட்டில், ஒரு கம்பெனி தண்ணீர் பாட்டில். முக்கால் பாகம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னும் இரண்டு பாட்டில், குடிக்கிற தண்ணீர். கீழே நாலைந்து குழந்தைகள் அப்பளம் சுடச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தன.

நான் குழந்தைகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

“எது?” என்றாள் நூர்ஜஹான்.

“நடுவுல... இல்லீங்க்கா, ஓரத்துல...” வசந்தமணிக்கே தெரியவில்லை. அழ ஆரம்பித்தாள். “பாத்தரம் தேய்க்க மறுபடி வேணும்னு வெச்சனுங்க. நேத்து எங்க வீட்டுக்காரரோட அண்ணன் எடுத்து மாத்தி வெச்சுட்டாருங்க.”

நூர்ஜஹான் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பையிலிருந்து மூன்று துண்டுச் செம்புக் கம்பி எடுத்தாள். உப்புத்தாளால் தேய்த்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒன்றை விட்டாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். இரண்டு கம்பி சிவப்பாகவே இருந்தது. வலது ஓரத்துப் பாட்டிலில் கம்பி சாம்பல் பூத்தது. பூஜையன்று நான் கைதட்டு வாங்கிய அதே வித்தை. அவள் அதை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் எதற்கு வைத்துக்கொண்டிருந்தேன்!

மூன்று பாட்டிலையுமே எடுத்துக்கொண்டாள். “தேச்ச துணி?” குளியலறைக் கொடியில் காய்ந்தது. “வேற எதைத் தொடச்ச அதுல?” வேறெதுவும் இல்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, கையோடு கொண்டுவந்திருந்த அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். காணாமல் போன அளவிலிருந்து சொம்புக்குச் செலவானதாக வசந்தமணி சொன்னது போக மீதி கணக்காக இருந்தது. “சொம்பு ஒண்ணு, பாட்டில் ரெண்டு, துணி மூணு” என்று விரல் மடக்கினாள். “சரிங்க்கா. எல்லாம் வந்துருச்சு.”

கிளம்பும்போது பையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தாம்பாளம் இருந்த இடத்தில் வைத்தாள். புத்தம் புதுப் பித்தளைச் சொம்பும் தட்டும்.

“இது எதுக்கு?” என்றேன்.

“தியேட்டர்ல ஒண்ணை எடுத்தா அந்த எடத்துல ஒண்ணு வெக்கோணுங்க்கா. வெறுமெனே உட்டுட்டு வரக் கூடாதுங்க.”

நாத்தனார்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டார். வசந்தமணி நூர்ஜஹானின் கையைப் பிடிக்க வந்தாள். “கையுறை, கையுறை” என்று பின்னால் நகர்ந்தாள் இவள்.

நவம்பர் 8, வெள்ளி

பால் பொங்கியதாம். போன் வந்தது. எனக்கு அழைப்பு இல்லை. நியாயம்தான்.

நவம்பர் 11, திங்கள்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, சாவி, கம்பி வித்தை, ‘சிந்தியது’. நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். வசந்தமணியை எடுக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். “உங்க ரெண்டு பேரையும் பத்தி அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல எல்லாரையும் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு அந்தப் பொண்ணு காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போயிருச்சு” என்றார்.

ரெஜிஸ்டரில் பழைய வரியை அடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாவியை நூர்ஜஹானிடம் கொடுத்தேன். கழிவில் சிவப்புக் கலர் விட்டோம். வசந்தமணியின் சொம்பு டப்பாவோடு கழிவு அலமாரிக்குள் போய்விட்டது, எடுத்துப் போகும் கம்பெனி வரும்வரை அங்கேதான். குருத்துக்கு மருந்துக்குப் பதில் பிளீச்சிங் கரைசலை வைத்துப் பார்க்கலாம் என்று முதலாளி சொல்கிறார். இனி ‘மருந்து’ என்று யாரும் சொல்வதில்லை. விஷம் என்றே சொல்கிறோம். வாய்க்குப் பழக இரண்டு நாள் ஆகும்.

நவம்பர் 13, புதன்

வசந்தமணியின் குழந்தையோடு சேர்த்து இருபத்திரண்டு பேரின் சிறுநீரும் கோயம்புத்தூருக்குப் போயிற்று. டப்பாக்களை நூர்ஜஹான் எண்ணித்தான் கொடுத்தாள். கொண்டுபோக வந்தவர் அலுத்துக்கொண்டார். “எண்ணி முடிக்கட்டும், நில்லுங்க” என்றேன் நான்.

நவம்பர் 20, புதன்

முடிவு வந்தது. சாப்பாட்டு அறையில் எல்லாரும் நிற்க, நூர்ஜஹான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தாள். வசந்தமணி, சரி. அவள் குழந்தைக்கும் சேர்த்துப் பார்த்தது, சரி. வசந்தமணி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினாலு வருஷத்தில் இவர்கள் யாருக்காகவும் நான் அழுததில்லை.

எல்லாரும் வேலைக்குக் கலைந்த பிறகு நூர்ஜஹான் என் மேஜைக்கு வந்தாள். காகிதத்தை மடித்து வைத்திருந்தாள்.

“எல்லாருக்கும் சரிதானே?” என்றேன்.

“இருபத்தொண்ணு சரிங்க்கா. ஒண்ணு கொறையுது.”

என் பெயரை அவள் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பொடியை எடை போட்ட கை என்னுடையது. என் எண்ணுக்கு எதிரே சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நான் வந்த மொத நாளே நீங்க கையை நீட்டிக் காட்டுனீங்களேங்க்கா. அப்பவே ஆடுச்சு. சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? எல்லாருக்கும் டெஸ்ட்டுன்னு சொன்னாத்தான் நீங்களும் குடுப்பீங்கன்னு மொதலாளிகிட்டக் கேட்டனுங்க.”

என் பையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரிடம் ஏற்கெனவே நேரம் வாங்கியிருந்தாள். வேலை இருக்கிறது, நாளைக்குப் போகலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் கதவில் நின்றுகொண்டிருந்தாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். எழுந்து கூடப் போனேன்.

ஆறு மாதம் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்கிறார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். நடுக்கம் குறையும், எவ்வளவு என்று போகப்போகத்தான் தெரியும் என்கிறார். ஈறில் ரத்தம், எரிச்சல், கோபம், எல்லாம் அதனால்தானாம். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கோபம் மட்டும் அதனால் இருக்காது என்றார்.

இந்தப் பக்கத்தை நூர்ஜஹானின் பேனாவை வாங்கிவந்து எழுதுகிறேன். நல்ல பேனா, வழுக்கிக்கொண்டு போகிறது. எழுத்து அப்படியே கோணித்தான் இருக்கிறது.